நாற்பத்தேழாம் நம்பர்

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததுமே மரகதத்துக்குச் சுருக்கென்றது. ஒரே வட்டமாகத் தெரியவேண்டியது இரண்டாகப் பிரிந்து ஓரம் கறுத்துத் தெரிந்தது. நேற்று மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து எழுந்தபோது தன் கண்களுக்கு ஏற்ற அகலத்தில் அவள் விட்டுப்போன இரண்டு குழல்களையும் யாரோ உள்பக்கமாக நெருக்கி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நாற்பத்தேழாம் நம்பர்தான். காலை ஆறிலிருந்து இரண்டு வரை இந்த மேசை மரகதத்துடையது, இரண்டிலிருந்து பத்து வரை அந்த நாற்பத்தேழினுடையது. பெயர் சுகிர்தா என்று சொன்னார்கள். அரக்கோணம் பக்கமாம். வந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் முகம் பார்த்ததில்லை. முதல் ஷிப்டின் பஸ் பின்கேட்டில் கிளம்பும், இரண்டாம் ஷிப்டின் பஸ் முன்கேட்டில் வந்து நிற்கும். முகம் எதற்கு என்று மரகதம் நினைத்துக்கொண்டாள், அதுதான் தினம் காலையில் இந்த மேசையே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுகிறதே. கண்கள் நெருக்கம், அப்படியென்றால் சின்ன முகம். நாற்காலி இரண்டு விரற்கடை தூக்கியிருக்கிறது, அப்படியென்றால் குள்ளம். உடம்பு மின்சாரம் எலக்ட்ரானிக் போர்டில் பாய்ந்து கெடுக்காமலிருக்கக் கையில் மாட்டிக்கொள்ளும் பட்டை கடைசி ஓட்டையில் இறுக்கியிருக்கிறது, அப்படியென்றால் மெலிந்த கை. சால்டரிங் அயர்னின் ஸ்டாண்டு இடது பக்கம் இருக்கிறது. இடக்கைக்காரி. முதல் நாள் அந்த ஸ்டாண்டைப் பார்த்தபோது, யாரடா இது வீட்டு அடுப்பை மாற்றிவைத்தது மாதிரி, என்று வாய்விட்டே திட்டினாள். இப்போது திட்டுவதில்லை. பேசாமல் வலப்பக்கம் மாற்றிவைக்கிறாள், குழல்களை விரிக்கிறாள், நாற்காலியை இறக்குகிறாள், பட்டையைத் தளர்த்துகிறாள். இந்த நாலு காரியத்துக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் முழுக்க நாற்பத்தேழையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

அயர்னை ஸ்டாண்டிலிருந்து உருவிப் பார்த்தாள். முனையில் ஒரு துளி ஈயம் உருண்டு உட்கார்ந்திருந்தது. வேலை முடித்துவிட்டு அயர்னை அணைக்கும்போது முனையை வெறுமனே விடக்கூடாது, காற்றுப் பட்டுக் கறுத்துவிடும், கொஞ்சம் ஈயத்தை அதன்மேல் போர்த்திவிட்டுத்தான் போகவேண்டும். பத்துப் பேருக்கு ஒன்பது பேர் மறந்துவிடுவார்கள். இவள் மறப்பதில்லை. மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், லைன் லீடர் நந்தகோபாலைக் கூப்பிட்டு, பாருங்க சார் ரெண்டாம் ஷிப்டு லட்சணத்தை, என்று காட்டலாம். நான்கு மாதமாகத் தினம் காலையில் மரகதம் அந்த முனையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தினமும் அந்தத் துளி இருக்கிறது, அளவோடு, பளபளவென்று. இடுக்கியின் முனைகள் சேர்ந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சேர்ந்துதான் இருந்தன. முனை துடைக்கிற பித்தளைச் சுருள் உதறி வைத்திருந்தது. ஈயம் சீராக ஓடுவதற்காகத் தடவுகிற ஃப்ளக்ஸ் பாட்டிலின் மூடி திருகியிருந்தது. வெறுப்பதற்கு ஒரு பிடி கிடைக்காத ஆளை எப்படித்தான் வெறுப்பது. மரகதம் தானாகவே சில பிடிகளைச் செய்துகொண்டாள். வயது இருபத்து நாலு, இருபத்தைந்து இருக்கும். சிவந்த நிறம். பெரியவர்களைக் கண்டால் எழுந்திருக்காத ஜாதி. உள்ளே பூ வைக்கக் கூடாது என்று தெரிந்தும் தொப்பிக்குள் ஒரு துண்டு மல்லிகையைச் செருகிக்கொண்டு வருகிறவள். எல்லாவற்றுக்கும் மேல் கண். இருபத்தைந்து வயதுக் கண் இருந்தால் யாருக்குத்தான் கை நிற்காது. போன தைக்கு நாற்பத்தொன்று முடிந்தது மரகதத்துக்கு. மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் துல்லியமாகத்தான் தெரிகிறது. அதை விட்டுத் தலையைத் தூக்கினால்தான் கையிலிருக்கிற சீட்டின் எழுத்து கலங்குகிறது. சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாள். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் தள்ளிப் பிடிக்கிறாள்.

ஆறரைக்கு நந்தகோபால் வந்தார். நல்ல மனிதர், ஆனால் எந்தச் சேதியையும் இடி மாதிரித்தான் போடத் தெரியும். "மரகதம்மா, அந்த ரெண்டு போர்டும் மேசைப் பெட்டியிலதான இருக்கு? ஒம்போது மணிக்கு குவாலிட்டிலேருந்து ஹேமலதா மேடம் வராங்க. இன்னிக்கே ஒண்ண முடிவு பண்ணிட்டுப் போயிடுவாங்களாம்." அவள் தலையை ஆட்டினாள். "சுகிர்தா நேத்து உங்களுதப் பாத்து முத்திர போட்டுட்டாங்க. நீங்க அவங்களுதப் பாத்துப் போட்டுருங்க. மேடம் வரச்சே ரெடியா இருக்கணும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே நுழைகிற கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு மாதிரிப் போர்டு. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை முதல் நாள் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பாருங்க, கையால ஒட்டினது, மெஷின் ஒட்டின மாதிரி இருக்கா இல்லியா, இப்பிடித்தான் வரணும். எட்டு வருஷமாக அந்தப் பெட்டிக்குள் இருப்பது பன்னிரண்டாம் நம்பர் முத்திரை போட்ட போர்டு. மரகதத்தின் போர்டு. அதற்காக அவளுக்கு யாரும் மாலை போடவில்லை, சம்பளத்தில் எதுவும் கூடவில்லை, ஆனாலும் எட்டு வருஷமாகத் தினம் காலையில் அந்தக் கதவைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பாமலேயே அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு மெஷின் செய்கிற புதுக் கம்பெனி ஒன்று வேலை கொடுத்திருக்கிறது, அவர்களுக்குப் பழைய மாதிரி வேண்டாமாம், புதிய மாதிரி வேண்டுமாம். இரண்டு ஷிப்டிலிருந்தும் ஒவ்வொன்று. இரண்டில் ஒன்றுதான் பெட்டிக்குள் போகும். அந்தக் கை எதுவோ அதுதான் புது லைனில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

மேசைப் பெட்டியை உடனே திறக்க மனம் வரவில்லை. இன்றைய தட்டில் பழுதுபார்க்க ஆறு போர்டு இருந்தது, அதை முதலில் முடிப்போம் என்று எடுத்துவைத்துக்கொண்டாள். சிவப்பு அம்புக்குறி ஒட்டிய இடத்தில் ஒரு கெபாசிட்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்க ஈயம் முந்திக்கொண்டு உருகி இழுத்தால் மறுபக்கம் அப்படியே மேலே எழும்பி நின்றுவிடும். ஒரு ரவை அளவுதான் இருக்கும் அது, தும்மினால் போய்விடும், போனால் தரையில் தேடிப் பயனில்லை. சூடான காற்றை ஊதுகிற ஹாட் ஏரை எடுத்து, பக்கத்திலிருப்பவை பறக்காமல் பழுப்பு டேப்பால் மூடி, அதன் மூக்கை வட்டமாகச் சுற்றினாள். ஈயம் மங்கலிலிருந்து சட்டென்று பளபளப்பாகும் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்துக்காகத்தான் பதினேழு வருஷம். இடுக்கியால் அழுத்தாமல் தொட்டால் போதும், அது தானாகவே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் புருஷன் மாணிக்கம் கேட்பான், நீயும் பத்தவெக்கற நானும் பத்தவெக்கறேன், உன் வேலைய எனக்குக் காட்டவே மாட்டேங்கறியே. அவனுக்கு லாரி ஷெட்டில் வெல்டிங் வேலை. அவன் ஒட்டுவதை ரோட்டில் போகிற நாய்கூடப் பார்க்கலாம். அவள் ஒட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் தொப்பி போட்டு, செருப்பைக் கழற்றி, கோட்டு மாட்டி, பட்டை கட்டி, கண்ணைக் குழலில் வைக்கவேண்டும். அதனால் அவள் கை எவ்வளவு நல்ல கை என்பது பூமியிலேயே பத்துப் பேருக்குத்தான் தெரியும். பத்துப் பேரில் ஒருத்தி இப்போது நாற்பத்தேழு. அவளுக்கு நன்றாகவே தெரியும். நேற்றுச் சாயங்காலம் பூராவும் அந்த நெருக்கமான கண்கள் தன் போர்டின்மேல் ஊர்ந்துகொண்டிருந்திருக்கும் என்று நினைத்ததும் மரகதத்துக்கு, தான் குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஓலைத் தட்டியை விலக்கிப் பார்த்த மாதிரி உடம்பு கூசியது. ஆறு போர்டும் முடிந்தது. மணி ஏழே கால்தான் ஆகியிருந்தது.

மேசைப் பெட்டியைத் திறந்தாள். முதலில் தன்னுடையதைத்தான் எடுத்தாள். சீட்டில் செய்தவர் என்ற கட்டத்தில் பன்னிரண்டு. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் நாற்பத்தேழு, பக்கத்தில் நீல மையில் ஒரு சொல், "சரி." அவ்வளவுதான். சீட்டைத் தள்ளிப் பிடித்து இன்னொரு முறை படித்தாள். சரியாம். நானூற்றுப் பன்னிரண்டு இணைப்பு, இரண்டு நாள் வேலை, மூச்சைப் பிடித்துப் பிடித்துச் செய்தது, அதற்கு ஒரு சரி. நன்று என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா. அந்தச் சொல்லை எழுதியபோது உதட்டை எப்படி வைத்திருந்திருப்பாள். பக்கத்து மேசையில் அம்சா திருகாணி எடுத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் முழுக்க ஆள் போதாமல் அம்சாவை இரண்டாம் ஷிப்டுக்குப் போட்டிருந்தார்கள். ஆறு நாள் நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். மரகதம் கேட்கவே கூடாது என்று வைத்திருந்தாள். கேட்டால் அம்சாவின் வாய் சும்மா இருக்காது. ஆனால் சரி என்ற அந்த ஒரு சொல் அவளைக் குடைந்துவிட்டது. "ஏன் அம்சா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று, ஃப்ளக்ஸ் பாட்டிலைத் திருகிக்கொண்டே, ஏதோ போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள். "எந்தப் பொண்ணு? சுகிர்தாவா? ஐய, பொண்ணா அது? நம்ம வயசுதான்க்கா. நாப்பது நாப்பத்திரெண்டு இருக்கும். பையன் பாலிடெக்னிக் படிக்கறான். பாட்டு ஏதோ முணுமுணுத்துக்கினே வேல செய்யும், கிட்ட போனாத்தான் கேக்கும். சீட்டு எழுதச்சொல்ல கண்ணாடி போட்டுக்கும். கவுறு கட்டித் தொங்கவுட்டிருக்கும் கழுத்துல." அம்சா அதற்கப்புறமும் ஏதோ சொன்னாள், கேன்டீனில் சாம்பார் பற்றி. மரகதம் கேட்கவில்லை. நாற்பது வயது. கண்ணாடி. கழுத்தில் கயிறு போட்டு, எல்லாரும் பார்க்க. நான்கு மாதமாக மெல்ல மெல்லச் செய்து வைத்திருந்த சிவத்த சிறுக்கியை அம்சா ஒரு நொடியில் எழுப்பி அனுப்பிவிட்டாள். வயது என்று ஒரு சாக்கு இருந்தது. இளங்கண் என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அதே வயது, அதே மங்கல் கண், அதே மேசை, அதே அயர்ன். பிறகு எதில்தான் வித்தியாசம்.

நாற்பத்தேழின் போர்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். ஒரு மூலையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், வயலில் களை எடுப்பது போல் வரிசை விடாமல். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தாள், அதை அவள் தன்னிடமே ஒளிக்கவில்லை. முதல் வரிசை. ஈயம், போர்டில் ஒட்டியிருக்கிற செம்புப் பேடிலிருந்து மேலேறி, ரவையின் தோளில் போய் மெதுவாகக் கரைந்து நின்றது. கூடவும் இல்லை குறையவும் இல்லை. காரீயம் கலக்காத இந்தப் புது ஈயம் காய்ந்தால் மண் பூசின மாதிரி மங்கிப்போகும், எல்லாருக்கும் மங்கும், மரகதத்துக்கும் மங்கும், அதில் தப்பில்லை, சட்டப்படி அது தேறும். இவளுக்கு மட்டும் மங்கவில்லை. என்ன செய்கிறாள், அயர்னைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுகிறாளா, ஃப்ளக்ஸை அப்புறம் வைக்கிறாளா. இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. நாற்பத்தெட்டுக் கால் ஐசி. அயர்னை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனால் கடைசிக் காலில் கொஞ்சம் ஈயம் தங்கிவிடும், வலக்கைக்காரிக்கு வலது ஓரத்தில் தங்கும். இடது ஓரத்தைத் தேடிப் போனாள். அங்கேயும் தங்கவில்லை. நாற்பத்தெட்டும் ஒன்றுபோல், கைக்குழந்தையின் நகம் மாதிரி, கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தன. நன்றாக இருந்தது. அழகாக இருந்தது. பார்க்கப் பார்க்க இன்னும் பார்க்கலாம் போல இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லது, வந்தது கோபமில்லை, ஒரு பசி. இந்தக் கை எனக்கு வேண்டும் என்கிற பசி. தன் கையை வைத்துக்கொண்டே இன்னொருத்தியின் கையைக் கேட்டு அழுகிற பசி. மூக்கு அடைத்துக்கொண்டது, ஃப்ளக்ஸ் புகை என்று சொல்லிக்கொண்டாள், இந்தப் போர்டை எடுத்த பிறகு அயர்ன் ஈயத்தையே தொட்டிருக்கவில்லை.

இது புதிதில்லை அவளுக்கு. செவிலிமேட்டு வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தபோது ஓரகத்தி செல்வராணி வைக்கிற குழம்புக்கு வீடே மயங்கிக் கிடந்தது. மாமியார், மாமனார், இவள் புருஷன்கூட, அண்ணி வெச்சா அது வேற ருசி என்று இரண்டாம் முறை சோறு வாங்குவான். ஒரு நாள் செல்வராணி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மரகதம் மூடியைத் தூக்கி ஒரு பிடி உப்பை உள்ளே போட்டுவிட்டு, மூடியை மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டார்கள். மாமியார் ஒரு கவளம் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னாள், "இன்னிக்கு உப்பு ஒரு கல்லு தூக்கலா இருக்கு செல்வி. ஆனா பரவால்ல, தூக்கலா இருந்தாலும் ஒரு ருசியாத்தான் இருக்கு." அன்றைக்கு மரகதத்துக்கு இருபத்து மூன்று வயது. புழக்கடையில் போய் உட்கார்ந்து அழுதாள். உப்புப் போட்டதற்கு அழவில்லை. போட்டும் கெடவில்லையே என்று அழுதாள். இப்போது ஹாட் ஏர் வலது கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. நாற்பது டிகிரி ஏற்றி நான்கு நொடி காட்டினால் போதும். அந்த மினுக்கு செத்துவிடும், தேறும், ஆனால் மங்கிவிடும், எல்லாருடையதையும் போல ஆகிவிடும். யாருக்கும் தெரியாது. அம்சா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை ஹாட் ஏரின்மேல் போய்ப் படுத்தது, எடுக்கவில்லை, சும்மா அதன் வெதுவெதுப்பின்மேல் படுத்திருந்தது. படுபாவி, நாற்பத்தொரு வயதில் இன்னும் உப்புப் போடுகிறாயா என்று யாரோ கேட்டார்கள், தன் குரல்தான். கையை எடுத்துக்கொண்டாள். நல்ல புத்தி வந்து எடுக்கவில்லை. கெடுத்துவிட்டால் பிறகு அதைப் பார்க்க முடியாது, இன்னும் பாதிப் போர்டு பார்க்கவேண்டி இருந்தது, அதற்காக எடுத்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டையும் பார்த்து முடித்தபோது எட்டேகால். ஒரு குறை இல்லை. அவசரத்தில் யாரும் பார்க்கத் தவறுகிற இடங்கள் மூன்று உண்டு, கனெக்டரின் அடி, பெரிய காயிலின் நிழல், ஓரத்துக் குட்டி டயோடு. மூன்றையும் போர்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாயிற்று. பிள்ளையைப் பெற்றவள்கூட அதன் உடம்பை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கமாட்டாள். போர்டை உறையில் போட்டுவிட்டுத் தன்னுடையதை எடுத்துவைத்தாள். அதற்குப் பிறகு தன்னுடையதைப் பார்த்திருக்கக் கூடாது. நேற்று முன்தினம் வரை நன்றாகத்தான் இருந்தது, மனசு நிறைந்துதான் சீட்டில் முத்திரை போட்டாள். இப்போது அது பழைய சீலை மாதிரித் தெரிந்தது. கிழியவில்லை, ஆனால் பழசு. நடுவில் ஒரு ரெசிஸ்டர், அதன் இடது தலையில் ஈயம் கொஞ்சம் கொழகொழவென்று உட்கார்ந்திருந்தது. தேறும். யாரும் ஒரு வார்த்தை சொல்லமுடியாது. ஆனால் நாற்பத்தேழு இதை நேற்றுப் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு, பாட்டை ஒரு நொடி நிறுத்திவிட்டு, சரி என்று எழுதியிருப்பாள். பெரிய மனசு பண்ணி. அந்தப் பெரிய மனசை நினைத்ததும்தான் மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேறினதைத் திரும்பத் தொடாதே என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு சூட்டுக்கும் பேடை ஒட்டியிருக்கிற பசை செத்துக்கொண்டே வரும், அழகுக்காகச் சூடு காட்டாதே. சொல்லுகிறவள் யார், அவளேதான். ஒரே ஒரு தடவை என்று அயர்னை வைத்தாள். ஈயம் பளபளத்தது, எடுத்தாள், மங்கிற்று. ஃப்ளக்ஸ் வைத்து இன்னொரு தடவை. இந்த முறை பரவாயில்லை, ஆனால் சரிவு கோணலாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை, நாற்பத்தேழு எப்படி எடுப்பாளோ அப்படி, கொஞ்சம் முன்னாலேயே, இடது பக்கமாக இழுத்து. இழுத்தாள். ரெசிஸ்டர் அயர்னோடு வந்தது. அதன் கீழே, தோல் உரிந்து தொங்குவது போல, செம்புப் பேடு போர்டை விட்டு எழும்பி வந்தது.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே இருந்தாள். எடுத்தால் அது நடந்ததாகிவிடும். வட்டத்துக்குள் அந்தச் செம்புச் செதில், அதன் அடியில் வெளிறிப்போன போர்டு, ஒரு பிசிறு. மெல்லிய கம்பி வைத்து ஒட்டலாம், வேலை செய்யும், ஆனால் கம்பி வைத்து ஒட்டினதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் யார் வைப்பார்கள். பதினேழு வருஷத்தில் அவள் பேடு தூக்கியது இரண்டு முறை, அதுவும் முதல் வருஷத்தில். வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வேர்த்தது. கை நடுங்குகிறதா என்று மேசைக்கு அடியில் விரித்துப் பார்த்தாள், நடுங்கவில்லை, நடுங்கியிருந்தால் கையின்மேலாவது பழி போடலாம். எட்டரை மணிக்கு டிபன் மணி அடித்தது. அம்சா கூப்பிட்டாள், பசிக்கவில்லை என்றாள். எல்லாரும் போனபிறகு அந்தப் பெரிய கூடத்தில் புகை உறிஞ்சுகிற குழாய்களின் இரைச்சல் மட்டும் இருந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தாள். செய்தவர் பன்னிரண்டு. சரிபார்த்தவர் நாற்பத்தேழு. அப்போதுதான் அது மெல்ல உள்ளே நுழைந்தது. இந்தப் போர்டைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தது யார்? நேற்றுச் சாயங்காலம் இரண்டாம் ஷிப்டு. பார்க்கிறேன் என்று இடுக்கியால் ஒரு தள்ளுத் தள்ளியிருக்கலாம், அல்லது சரிபண்ணுகிறேன் என்று அயர்னை வைத்திருக்கலாம். காலையில் எடுத்துப் பார்த்தேன், இப்படி இருந்தது. அவ்வளவுதான், ஒரு வரி. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பதினேழு வருஷமும் அதற்குச் சாட்சி சொல்லும். நாலு மாதத்துக்காரியை யார் கேட்கப்போகிறார்கள். நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் கூட எட்டிப்பார்த்தது, நாற்பத்தேழை நந்தகோபால் கூப்பிட்டு நிறுத்திக் கேட்பதும், அவள் கழுத்துக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு முழிப்பதும் கண்ணில் வந்தது. வந்தது, நிற்கவில்லை. ஏனென்றால் அந்தச் சின்ன கை பேடைத் தூக்குவதாக மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எத்தனை முறை முயன்றாலும் அயர்ன் அந்தக் கையில் சரியான நேரத்தில் மேலே எழும்பிவிடுகிறது. பொய்யிலேகூட அது தப்புச் செய்யமாட்டேன் என்கிறது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஹேமலதா மேடம் வந்துவிட்டார். தரப் பிரிவின் தலைமை, வேகமாக நடக்கிறவர், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். பின்னாலேயே நந்தகோபால். "என்ன மரகதம், டிபன் சாப்பிடலயா? எங்க, காட்டுங்க." மரகதம் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். "என் போர்டு போச்சு மேடம். ஒரு பேடு தூக்கியிருக்கு." மேடம் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. நந்தகோபாலுக்கு வாய் பொறுக்கவில்லை. "நேத்து ரெண்டாம் ஷிப்டுல செக் பண்ணச்சொல்ல ஆயிருக்கும் மேடம். மரகதம்மா கையில பேடு தூக்கி நான் பாத்ததேயில்ல." மேடம் குழலிலிருந்து கண்ணை எடுத்து மரகதத்தைப் பார்த்தார். "அப்படியா மரகதம்? நீங்க காலைல எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துதா?" சும்மா இருந்தால் போதும். பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை, பேசாமல் நின்றால் மற்றதை நந்தகோபால் பார்த்துக்கொள்வார். மரகதம் பேசாமல்தான் நின்றாள். புகைக் குழாய் இரைந்துகொண்டிருந்தது.

"இல்ல மேடம். நான்தான். காலைல எடுக்கும்போது நல்லா இருந்துது. தேறினதத் தொட்டேன். மூணு தடவ தொட்டேன்." மேடம் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் மரகதம் சொல்லியிருக்கமாட்டாள். "சரி, விடுங்க. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பேருமே புதுசா பண்ணுங்க, ரெண்டு நாள் டைம் தரேன். சுகிர்தாவோடதுல ஏதாவது சின்ன குறை இருந்தாக்கூடப் போதும், அதச் சொல்லி ரெண்டையும் திருப்பிடறேன். பாத்தீங்க இல்ல? உங்க கண்ணு சொன்னாப் போதும், நான் தனியாப் பாக்கல. இருக்கா ஏதாவது?" இருக்கு என்று ஒரு சொல். எங்கே என்று கேட்டால் காயிலின் நிழலில் என்று சொல்லலாம், அங்கே எதையும் அவ்வளவு சீக்கிரம் யாரும் மறுக்க முடியாது. இரண்டு நாள் கிடைக்கும். இரண்டு நாளில் இவளாலும் முடியும், முடியாமலும் போகலாம், ஆனால் இரண்டு நாள். கை இன்று போய்விட்டது, அது போகட்டும், நாளைக்கு வரும். நானூற்றுப் பன்னிரண்டையும் எந்தக் குறையும் விடாமல் தேடிவிட்டு வந்திருக்கிற இந்தக் கண் இருக்கிறதே, பசியோடு தேடின கண், இதையும் பொய்யாக்கிவிட்டால் பிறகு இந்த மேசையில் உட்கார அவளிடம் என்ன இருக்கும். "ஒண்ணுமில்ல மேடம்," என்றாள். குரல் தனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "முழுசும் பாத்துட்டேன். குறை எதுவும் இல்ல. நல்லா இருக்கு." நல்லா இருக்கு என்பதைச் சொல்லியிருக்கவேண்டியதில்லை, சரி என்பதோடு நிறுத்தியிருக்கலாம், வாயை மீறி வந்துவிட்டது. மேடம் தலையசைத்து, அப்ப முத்திர போட்டுக் குடுங்க என்றார். பொறாமை இம்மியும் குறையவில்லை. அது அப்படியே நின்று எரிந்தது. அந்த எரிச்சலோடேயே மரகதம் முத்திரையை மையில் ஒற்றி, சீட்டைக் கண்ணுக்குத் தெளிவாகும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, நாற்பத்தேழுக்குப் பக்கத்துக் கட்டத்தில் பன்னிரண்டை அழுத்தினாள், நேராக, ஒரு முடி அளவும் சாயாமல்.